பலன் காணாத ஊழியம்

18 வயது நிரம்பிய ஒருவனை நம் நாட்டார் இன்னமும் ‘பிள்ளை’ என்றே அழைப்பர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உட்டா மாகாணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு சபையாரோ, அவ்வயதினனுக்கு ‘மூப்பர்’ என்னும் பெயரைச் சூட்டி, கறுப்பு நிறப் பெயர்ச் சின்னம் ஒன்றை அவன் மார்பில் அணிவித்து, பெற்றோரையும் பிறந்த ஊரையும் விட்டு ஈராண்டுக் காலம் அயலூரில் வீடு வீடாய்ச் சென்று சமயம் போதித்து வருமாறு அனுப்பிவிடுகின்றனர். மீசையும் முற்ற அரும்பாத அம் மூப்பரின் நாள்கள் எவ்வாறு கழிகின்றன, அவர் அடையும் தோல்விகள் யாவை, அத்தோல்விகளை அவரை அனுப்பியோர் எவ்வாறு மதித்தல் தகும் என்பவற்றை ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கமாகும். மிஷனரிமார் நாட்டிய கலாசாலை ஒன்றன் நிழலில் கற்போராகிய நாம், மிஷனரி ஒருவனின் உழைப்பை எவ்வளவுகோலால் அளப்பது என்னும் வினாவை நமக்குப் புறம்பானதென்று தள்ளிவிடல் இயலாது.

மார்மன் சபை என உலகம் வழங்குவது, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையையே. இம்முழுப் பெயராலேயே தம்மை வழங்குமாறு 2018 இல் அச்சபைத் தலைவர் வேண்டிக்கொண்டனர். ஆயினும் வாசகர்க்குப் பழகிய பெயராதல்பற்றி யாம் ஈண்டு அதனையும் ஆள்கின்றோம். 1830 ஆம் ஆண்டு நியூயார்க் மாகாணத்தில் ஜோசப் ஸ்மித் என்பவரால் அது ஸ்தாபிக்கப்பட்டது. ‘மார்மன் புஸ்தகம்’ என்னும் நூலை வேதாகமத்தோடு ஒப்பவைத்துப் போற்றுதலாலும், கடவுளைக்குறித்து அவர்கள் கொண்ட கோட்பாடு வேறாதலாலும், ஏனைய சபையார் அவர்களோடு உடன்படுவதில்லை. அவர்கள் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது என்று ரோமாபுரியிலுள்ள கத்தோலிக்கத் தலைமைப் பீடம் 2001 இல் தீர்ப்புக் கூறிற்று. இக்கொள்கை வழக்கில் யாம் இப்போது புகுந்திலம். கொள்கை வேறு, அக்கொள்கையைச் சுமந்துகொண்டு தெருவில் நடக்கும் இளைஞனின் பாடு வேறு. முன்னதை மறுப்போரும் பின்னதை நோக்கி மனமிரங்கலாம், பாடமும் கற்கலாம்.

2012 வரை ஆண்மக்கள் 19 வயதிலேயே இவ்வூழியத்திற்குப் புறப்படலாயிருந்தது. அவ்வாண்டு அவ்வெல்லை 18 ஆகக் குறைக்கப்பட்டது. ஆண்களுக்கு 24 மாதமும் பெண்களுக்கு 18 மாதமும் காலவரையறை. சம்பளம் என்பது ஒரு காசும் இல்லை. செலவைத் தானும் தன் குடும்பத்தாருமாகத் தாங்கவேண்டும். பல இளைஞர் பள்ளிப் பருவத்திலிருந்தே புல் வெட்டியும் கடையில் நின்றும் இதற்கெனப் பொருள் சேர்க்கின்றனர். எந்நாட்டிற்குச் செல்வதென்பதை இளைஞன் தேர்ந்துகொள்வதில்லை. தலைமையிடத்தார் குறித்த இடத்திற்கே அவன் போகவேண்டும். இன்று தன் வீட்டில் இருப்பவன், சில மாதங்கள் கழித்துப் பிரேசில் நாட்டிலோ, பின்லாந்திலோ, கானா தேசத்திலோ இருப்பான். புதுமொழி கற்கவேண்டியவர்களுக்கு உட்டாவிலுள்ள பிரோவோ நகரத்துப் பயிற்சி நிலையம் முதலியவற்றில் சில வாரப் பயிற்சி உண்டு. ஒரு மொழியைக் கற்றலென்பது சில வாரங்களில் முடியும் காரியமன்று என்பதை அவன் அந்நாட்டின் முதல் கடைத்தெருவிலேயே கண்டுகொள்கிறான்.

அவன் தினசரி வாழ்க்கை மடத்துத் துறவியின் வாழ்க்கைக்கு ஏறத்தாழ ஒப்பாகும். நெடுங்காலம் வழங்கிய ஒழுங்கின்படி, காலை 6.30 மணிக்கு எழுதல், அரைமணி நேரம் தேகப்பயிற்சி, சிற்றுண்டிக்குப்பின் தனியே வேதபாடம், பின்னர்த் தோழனோடு சேர்ந்து பாடம், அயல்மொழி கற்போனாயின் அதற்கும் ஒரு மணி நேரம், 10 மணியளவில் தெருவிற்குப் புறப்பாடு, இரவு 9 மணியளவில் இருப்பிடம் சேர்தல், 10.30 மணிக்கு விளக்கணைத்தல். 2017 இல் இவ்வொழுங்கில் ஊருக்கேற்ற சில நெகிழ்வுகள் அனுமதிக்கப்பட்டனவாயினும், அதன் சாரம் மாறிற்றிலது. வாரத்தில் ஒரு நாள் ‘ஆயத்த நாள்’ எனப்படும். துணி துவைத்தல், அரிசி பருப்பு முதலியன வாங்குதல், தலைமயிர் வெட்டுவித்தல், வீட்டிற்குக் கடிதம் எழுதுதல் ஆகிய யாவும் அன்றே. அன்றும் மாலையானதும் வழக்கமான ஊழியத்திற்குத் திரும்பவேண்டும்.

சினிமாவில்லை, காதலில்லை, தேநீரும் காப்பியும் அச்சபையார் யாவர்க்கும் விலக்கு. 2019 வரை, வீட்டாரோடு தொலைபேசியில் பேசுதல் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறைதான்; கிறிஸ்துமஸ் பண்டிகையன்று ஒருமுறை, அன்னையர் தினத்தன்று ஒருமுறை. 2019 பிப்ரவரியிலிருந்தே வாரந்தோறும் பேசலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. தாயின் குரலைக் கேட்க ஆறு மாதம் காத்திருந்த 19 வயதுப் பிள்ளைகள் எத்துணைப் பேர் என்று எண்ணும்போது, அவ்விதியை இயற்றியோரின் உறுதியை வியப்பதா, அதனைத் தளர்த்தியோரின் இரக்கத்தைப் புகழ்வதா என்று எமக்குப் புலப்படவில்லை.

இருவர் இருவராய்ச் செல்லல் அவர்கள் வழக்கம். அத்தோழனைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இளைஞனுக்கு இல்லை. உண்ணும்போதும் உறங்கும்போதும் நடக்கும்போதும் அவன் உடனிருப்பான். குளியலறை ஒன்றே தனிமைக்கு இடம். ஒருவன் விடியுமுன் பாடுவான். மற்றவனுக்கு அவ்வேளையில் ஓசை ஆகாது. ஒருவன் விதிப்புத்தகத்தின் ஒவ்வொரு வரியையும் காப்பான். மற்றவன் வரிகளுக்கு இடையே வழி தேடுவான். ஏறத்தாழ ஆறு வாரத்திற்கு ஒருமுறை இடமாற்றம் நேரக்கூடும். ஒத்த தோழன் வாய்த்த வேளையில் பிரிவு வந்துவிடும்; ஒவ்வாத தோழனோ அடுத்த ஆறு வாரமும் உடன்வருவான். விடுதி அறையில் உடனுறைவானோடு பிணங்கி, ஒரு வாரத்திற்குள் வேறறை கேட்டு விடுதிக் காப்பாளர் வாயிலில் நிற்கும் எம் மாணவ நண்பர்கள் இதனைச் சற்றே சிந்திப்பார்களாக.

இனித் தெருவில் நேரும் காரியம். கதவைத் தட்டினால் திறவார் பலர். திறந்து, பெயர்ச் சின்னத்தைக் கண்டவுடன் மூடுவார் சிலர். ‘எமக்கு வேண்டாம்’ என்று மரியாதையாய்ச் சொல்வோர் உண்டு. நாயை ஏவுவோரும் உண்டு. நாளை மாலை வருக என்று இன்முகத்தோடு அழைத்தவர், மறுநாள் மாலை விளக்கை அணைத்துவிட்டு உள்ளேயே அமர்ந்திருப்பர். மூன்று மாதம் பொறுமையாய்ப் பாடம் கேட்ட ஒருவர், ஞானஸ்நானத்திற்குக் குறித்த நாளுக்கு முந்தின இரவு மனம் மாறிவிடுவர். மழை, பனி, வயிற்றுநோய், துவிசக்கர வண்டியின் பழுது ஆகியவை இவற்றோடு கூடுவன. ஊரில் காத்திருப்பதாய் வாக்களித்த பெண்ணிடமிருந்து, வேறொருவரை மணக்கப்போவதாகக் கடிதம் வருவது அவர்களுக்குள் பழங்கதையாகி, நகைப்பிற்குரிய பேச்சாகவும் ஆகிவிட்டது. பெறுகின்றவனுக்கோ அது நகைப்பன்று.

இவற்றிற்கெல்லாம் மேற்பட்ட துன்பம் ஒன்றுண்டு, அது கணக்கு. இவ்வாரம் எத்தனை பேருக்குப் போதித்தாய், எத்தனை பேர் ஆலயம் வந்தனர், எத்தனை பேர் ஞானஸ்நானத்திற்கு நாள் குறித்தனர் என்று வாரந்தோறும் மேலோர்க்கு அறிக்கை செல்லவேண்டும். 2024 ஆம் ஆண்டின் இறுதியில் அச்சபைக்குப் போதனை ஊழியர் 74,127 பேர் இருந்தனர். அவ்வாண்டில் புதிதாய் ஞானஸ்நானம் பெற்றோர் 3,08,682 பேர் எனச் சபையாரே வெளியிட்டனர். வகுத்துப் பார்ப்பின், ஊழியர் ஒருவர்க்கு ஓராண்டில் ஏறத்தாழ நால்வர் ஆகின்றனர். ஆனால் சராசரி என்பது ஏமாற்றும் இயல்பினது. ஆப்பிரிக்கக் கண்டத்தின் சில பகுதிகளிலும் தென் அமெரிக்காவிலும் ஆலயங்கள் நிரம்பி வழிய, மேலை ஐரோப்பாவில் ஈராண்டு முழுதும் உழைத்து ஒருவரையோ இருவரையோ சேர்த்தவரும், ஒருவரையும் சேர்க்காமலே திரும்பியவரும் உளர். ஒரே காலத்தில் எழுந்து, ஒரே பாடத்தைப் படித்து, ஒரே அளவு நடந்த இருவரில், கானாவிற்கு அனுப்பப்பட்டவன் வெற்றிவீரன், பின்லாந்திற்கு அனுப்பப்பட்டவன் தோற்றவன் என்று கூறல் நீதியாகுமோ? அனுப்பப்பட்ட இடத்தை அவன் தேர்ந்தானல்லனே!

கணக்கே தலைமை பெறின் யாது விளையும் என்பதற்கு அச்சபையின் சரித்திரத்திலேயே சான்றுண்டு. 1960 ஆம் ஆண்டை அடுத்த சில வருஷங்களில் இங்கிலாந்தில் ஊழியம் செய்த இளைஞர்மேல், ஞானஸ்நானத் தொகையை உயர்த்துமாறு கடும் நெருக்கடி செலுத்தப்பட்டது. அவர்கள் அமெரிக்கர்க்கு இனிய பேஸ்பால் விளையாட்டை அந்நாட்டுச் சிறுவர்க்குக் கற்பித்தனர். குழுவிற் சேர்ந்த சிறுவர்க்கு ஞானஸ்நானமும் கொடுத்தனர். தாம் பெற்றது யாதென அறியாத சிறுவர் பலர். விளையாட்டு முடிந்தபின் அவர்கள் ஆலயத்தின் பக்கமும் வந்திலர்; பின்வந்தோர் அப்பெயர்களை ஏட்டினின்றும் நீக்கும் வேலையில் வருந்தினர். ‘பேஸ்பால் ஞானஸ்நானம்’ என்று அது இன்றளவும் அவர்களுக்குள்ளேயே இகழப்படுகின்றது. அவ்விளைஞர் கயவரல்லர். மனிதரை எண்ணிக்கையாய்க் காணப் பழக்கப்பட்டவர்; அவ்வளவே. எண்ணிக்கை கேட்டவர்க்கு எண்ணிக்கையே கிடைத்தது, மனிதர் கிடைத்திலர்.

மனஞ்சோர்ந்த ஊழியனைத் தேற்றுதற்கு அச்சபையார் வழக்கமாய்க் கூறும் வரலாறு ஒன்றுண்டு. ஸ்தாபகரின் இளைய சகோதரரான சாமுவேல் ஸ்மித் என்பார், 1830 இல் புதிய நூலின் பிரதிகளைப் பையில் சுமந்துகொண்டு கால்நடையாய்ப் புறப்பட்டார். வழியெங்கும் மறுக்கப்பட்டார், சத்திரக்காரன் ஒருவன் அவரை வெளியேற்ற, அன்றிரவு ஆப்பிள் மரம் ஒன்றன் அடியிற் படுத்துறங்கினார் என்பர். தம் பயணம் வீணாயிற்றென்றே அவர் எண்ணினார். ஆனால் அவர் கொடுத்த பிரதிகள் ஒரு குடும்பத்தாரிடைக் கைமாறி வாசிக்கப்பட்டன. அக்குடும்பத்தைச் சேர்ந்த பிரிகாம் யங் என்பவர் 1832 இல் அச்சபையிற் சேர்ந்து, 1847 இல் அதன் மக்களை உட்டாவின் உப்பேரிப் பள்ளத்தாக்கிற்கு நடத்திச்சென்ற தலைவரானார். ஆதலின், ‘இன்று விதைத்தது பின்னொருநாள் விளையும், அஞ்சற்க’ என்பது அவர்கள் கூறும் ஆறுதல்.

இவ்வாறுதல் இனியதே, எனினும் எமக்கு இது போதியதாய்த் தோன்றவில்லை. ஏனெனின், இதுவும் எண்ணிக்கையையே நம்புகின்றது; கணக்கை முடிக்கும் நாளைச் சற்றுத் தள்ளிவைக்கின்றது, அவ்வளவே. பின்னொருநாளும் விளையாத விதை உண்டெனின், அதனை விதைத்தவனுக்கு யாது சொல்வது?

அத்தகைய ஒருவர் நம் சென்னைமாநகர்க்கே வந்து சென்றுள்ளார். ரிச்சர்டு பாலன்டைன் என்னும் அவர் ஸ்காத்லாந்திற் பிறந்தவர். 1849 டிசம்பரில் உப்பேரி நகரத்தில் தம் சொந்த வீட்டிலேயே சிறுவர்க்கு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியை முதன்முதல் தொடங்கியவர் என அச்சபைச் சரித்திரத்தில் புகழ்பெற்றவர். 1852 இல் இந்தியாவிற்கென நியமிக்கப்பட்ட ஊழியருள் ஒருவராய், கையிற் பொருளின்றிப் பிறர் உதவியையே நம்பிப் புறப்பட்டு, 1853 இல் சென்னை வந்து சேர்ந்தார். உடன்வந்தவர் ராபர்ட் ஸ்கெல்டன் என்பவர். அச்சபையார் பலதார மணத்தைக் கைக்கொள்வதாக 1852 இல் பகிரங்கமாய் அறிவித்திருந்தமையால், அப்பேச்சு அவர்க்கு முன்னரே கடல்கடந்து வந்து காத்திருந்தது. பாதிரிமார் எதிர்த்தனர்; பத்திரிகைகள் இகழ்ந்தன. தமிழ் மக்களோடு மனம்விட்டுப் பேச மொழி துணைசெய்திலது. பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்தாரிடையே அவர் உழைத்தார். துண்டுப்பிரசுரங்களும் ஒரு மாதச் சஞ்சிகையும் அச்சிட்டுப் பார்த்தார். சேர்ந்தோர் மிகச் சிலர். உடல் நலிந்து 1854 இல் அவர் கப்பலேறினார். ஸ்கெல்டன் முதலிய ஏனையோரும் சில ஆண்டுகளில் இத்தேசத்தை நீங்கினர். அவர்கள் மூட்டிய சிறுவிளக்கு அணைந்தது. அச்சபை இந்தியாவில் மீண்டும் வேரூன்றியது ஒரு நூற்றாண்டிற்கு மேற்பட்ட பின்னரே. பெங்களூரைத் தலைமையிடமாகக்கொண்ட மிஷன் ஏற்பட்டது 1993 இல். அதற்கும் சென்னையில் அவர் செலவிட்ட மாதங்களுக்கும் தொடர்பு காட்டுதல் அரிது.

பாலன்டைனின் சென்னை வாழ்க்கை, கணக்கேட்டின்படி பார்ப்பின், நஷ்டமே. ஆனால் அவரை நஷ்டமடைந்தவர் என்று கூற எம் நா எழவில்லை. தாம் உண்மையென நம்பியதை, கூலி பெறாமல், வன்முறை கொள்ளாமல், மறுத்தவர் வாயிலினின்று அமைதியாய் நீங்கி, மறுநாளும் எழுந்து சொல்லச் சென்றாரே, அதுவே அவர் ஊழியம். அதன்மேல் ஏற்பதோ மறுப்பதோ கேட்போர் உரிமை. கேட்போர் தம் உரிமையைச் செலுத்தியது சொன்னவர் குற்றமாகுமாறு எங்ஙனம்? மறுக்கும் உரிமை உண்மையாகவே மதிக்கப்படும் இடத்தில், மறுக்கப்படுதல் இழுக்காகாது. கதவை மூடும் வீட்டுக்காரரும் இங்கே தவறிழைத்தாரல்லர். கதவு அவருடையது, மனமும் அவருடையது.

இதற்கு மாறாகச் சிலர் கூறுவர்: ‘கணக்கில்லையேல் சோம்பல் வளரும். ஈராண்டையும் ஊர் சுற்றிப்பார்த்தே கழித்துவிட்டு, ஊழியம் செய்தேன் என்று ஒருவன் வந்து நிற்பான்.’ மெய்யே, கணக்கு வேண்டாம் என்று யாமும் சொல்லவில்லை. அவன் விடியலில் எழுந்தானா, படித்தானா, அவ்வூர்ப் பாஷையைக் கற்றானா, நோயுற்றவரைக் கண்டானா, சொன்ன நேரத்திற்குச் சென்றானா என்று கேளுங்கள். இவை அவன் கையிலுள்ளவை. பிறர் மனம் அவன் கையில் இல்லை. தன்வசமுள்ளதற்குக் கணக்குக் கேட்டால் அது ஊழியனுக்கு விளக்காகும். தன்வசமில்லாததற்குக் கேட்டால் விலங்காகும்.

வேறு சிலர், ‘தன்னையே அறியாத பதினெட்டு வயதினன் பிறர்க்குப் பரலோக வழி காட்டுதல் நகைப்பிற்கிடம்’ என்பர். போதகன் என்ற அளவில் அக்கூற்றில் நியாயம் உண்டு. அவ்வயதில் அவன் கற்பிப்பதினும் கற்பதே மிகுதி. அயல்மொழியில் தடுமாறி நகைக்கப்படுதலும், ஏழை வீட்டில் கிடைத்ததை உண்ணுதலும், ஒவ்வாத தோழனைப் பொறுத்தலும், நூறுமுறை இல்லையென்று கேட்டும் கசப்புக் கொள்ளாமையும் எந்தச் சர்வகலாசாலையும் பட்டமளித்துக் கற்பிக்காத பாடங்கள். ஆனால் இப்பாடங்களும் ஒரு நிபந்தனையின்மேல் நிற்பன. அவன் தன் விருப்பத்தாற் சென்றிருத்தல் வேண்டும். உட்டாவில் இளைஞன் ஒருவன் ஊழியத்திற்குச் செல்லவில்லையெனில், ஆலயத்திலும் பெண்வீட்டாரிடத்தும் மதிப்புக் குறையும் என்னும் அச்சம் பலரைத் தள்ளுகின்றது. ஊரார் கண்ணுக்கஞ்சிச் செய்வது ஊழியமாகாது.

முன்னதாகவே வீடு திரும்பும் இளைஞரின் நிலையே எம் நெஞ்சை மிக வருத்துவது. காலம் முடித்து வருவோனை எதிர்கொள்ள உப்பேரி நகரத்து விமான நிலையத்தில் உற்றார் உறவினர் கொடியும் பலூனும் ஏந்தி நிற்பது பிரசித்தம். ஆனால் தேகநோயாலோ, மனச்சோர்வாலோ, வேறெதனாலோ ஏழாம் மாதத்தில் திரும்புபவனுக்கு அக்கொடிகள் இல்லாமற்போவதுண்டு. அண்டை வீட்டார் கேட்பதற்கு அஞ்சி அவன் வீட்டுக்குள்ளேயே ஒடுங்குகிறான். இவ்வாறு திரும்பியோரை விசாரித்தறிந்த ஆராய்ச்சியாளர், தாம் தோற்றுவிட்டோம் என்னும் எண்ணமே அவர்களுட் பெரும்பாலாரைப் பீடித்திருப்பதாய்க் கண்டனர். 2020 இல் பெருந்தொற்று உலகை மூடியபோது, பல்லாயிரம் இளைஞர் ஒருங்கே தாயகம் திருப்பப்பட்டனர்; அவர்களை எவரும் பழித்திலர். எல்லார்க்கும் வந்த நோய்க்கு இரங்கும் சமூகம், ஒருவனுக்கு மட்டும் வந்த நோய்க்கு இரங்க மறுப்பது ஏன்?

நற்குறியும் இல்லாமலில்லை. தூரதேசம் செல்ல உடலோ மனமோ இடந்தராத இளைஞர், தம் வீட்டிலிருந்துகொண்டே வைத்தியசாலை, உணவுச்சாலை முதலிய இடங்களில் சேவை புரியும் வழியை அச்சபையார் 2019 முதல் முறையான ஊழியமாகவே ஏற்று ஒழுங்குசெய்துள்ளனர். இது நேர்வழியில் வைத்த ஓர் அடி. ஆயினும் விதியை மாற்றுதல் தலைமையிடத்தாரால் ஒரு நாளில் ஆகும். திரும்பிவந்தவனின் வாசலுக்குச் சென்று, காரணம் கேளாமல், ‘வா தம்பி, உண்ண வா’ என்று அழைத்தல் ஊரார் ஒவ்வொருவரும் செய்யவேண்டிய காரியம்.

எம் மாணவ நண்பர்காள்! நம்மிடையேயும் கிராமசேவைக்கென்று விடுமுறையிற் புறப்படுவோர் உளர்; முதியோர்க்கு எழுத்தறிவிக்கச் சென்று, மூன்றாம் வாரத்தில் ஒருவரும் வாராத திண்ணையில் விளக்கேற்றி அமர்ந்திருப்போர் உளர். ‘எத்தனை பேர் படித்தார்கள்?’ என்பதே அவர்களை நோக்கி நாம் கேட்கும் முதல் வினாவாயிருத்தல் வேண்டா. ‘அவ்வூரார் உன்னிடம் என்ன சொன்னார்கள்? நாளையும் போவாயா? யாம் உடன்வரலாமா?’ என்று கேட்போமாக. ஊழியத்திற்கு ஆள் அனுப்புவோர், அவன் கொண்டுவரும் பலனுக்கன்றி அவனுக்கே வாயிலைத் திறந்துவைக்கக் கடமைப்பட்டவர். அயலார் கதவு மூடப்படுதல் ஊழியத்தின் இயல்பு. சொந்த வீட்டின் கதவும் மூடப்படுதலே கொடுமை.